வீட்டுக்கு வைஃபை ரவுட்டர் வாங்குமுன்: ஒவ்வொரு வசதிக்கும் மறுமுனையைப் பாருங்கள்

எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பை 100 எம்பிபிஎஸ் திட்டத்திலிருந்து 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாற்றிய பிறகும், வேகச் சோதனை செய்யும்போதெல்லாம் எண் 94-இலேயே நின்றது. இரண்டு முறை புகார் கொடுத்து, ஊழியர் வந்து ஒளியிழையில் வரும் சமிக்ஞையின் அளவைச் சோதித்து, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிச் சென்ற பிறகுதான் ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன். பெட்டியின் மேல் 1200 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த அந்த ரவுட்டரின் ‘வேன்’ போர்ட், அதாவது வெளியிலிருந்து வரும் கேபிளைச் சொருகும் இடம், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கடத்த முடியாத வகையாக இருந்தது. உள்ளே வைஃபை எவ்வளவு வேகமாக ஓடினாலும் வாசலின் அகலம் அவ்வளவுதான். அன்று முதல், ரவுட்டர் வாங்க யோசனை கேட்பவர்களிடம் நான் வலியுறுத்துவது இதுதான்: ரவுட்டரின் ஒவ்வொரு வசதிக்கும் ஒரு மறுமுனை இருக்கிறது. அது சுவரில் ஓடும் கேபிளாகவோ, இணைப்பு நிறுவனத்தின் அனுமதியாகவோ, கையிலுள்ள கைப்பேசியாகவோ, நாட்டின் அலைக்கற்றை விதியாகவோ இருக்கலாம். மறுமுனை இருப்பதை உறுதிசெய்துகொண்ட வசதிக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

முதலில் போர்ட்டுகளைப் பாருங்கள். விவரக்குறிப்பில் 10/100 என்று மட்டும் இருந்தால், நடைமுறையில் 94 அல்லது 95 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். 10/100/1000 என்று இருந்தால் அது கிகாபிட் போர்ட், ஏறத்தாழ 940 வரை கிடைக்கும். இன்றைக்கு உங்கள் திட்டம் 50 எம்பிபிஎஸ் ஆக இருந்தாலும் கிகாபிட் போர்ட் இல்லாத ரவுட்டரை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து, ஏனெனில் திட்டத்தை ஒரு தொலைபேசி அழைப்பில் மாற்றிவிடலாம், போர்ட்டை மாற்ற முடியாது. 2.5 கிகாபிட் போர்ட் இப்போது பல மாடல்களில் வருகிறது. ஆனால் உங்கள் திட்டம் 1 கிகாபிட்டுக்குள் இருக்கும்வரை, அல்லது வீட்டுக்குள்ளேயே பெரிய கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலை இல்லாதவரை, அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. போர்ட்டோடு கேபிளையும் பார்க்க வேண்டும். ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அவற்றில் நான்கு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். வீடு கட்டும்போது சுவருக்குள் கேபிள் இழுத்தவர் முனையில் நான்கு கம்பிகளை மட்டும் இணைத்து முடித்திருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டரை வைத்தாலும் வேகம் 94-இல்தான் நிற்கும்.

அடுத்தது, இணைப்பு நிறுவனம் வைத்துவிட்டுப் போன ஓ.என்.டி. பெட்டி, அதாவது ஒளியிழையில் வரும் சமிக்ஞையை ஈதர்நெட்டுக்கு மாற்றித் தரும் பெட்டி. நம் ஊரில் பெரும்பாலும் இதிலேயே வைஃபையும் சேர்ந்திருக்கும்; ஆகவே புதிய ரவுட்டரைச் சொருகும்போது வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, இரண்டும் தனித்தனியாக முகவரி மாற்றும் வேலையைச் செய்யும். சாதாரணப் பயன்பாட்டில் இதன் தொல்லை தெரியாது. இணைய விளையாட்டு, கண்காணிப்புக் கேமரா, வெளியிலிருந்து வீட்டுக் கணினியை அணுகுதல் ஆகியவற்றில் தெரியும். ஓ.என்.டி.யை ‘பிரிட்ஜ்’ முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டுத் தகவலைக் கடத்த மட்டும் செய்யும் முறைக்கு) மாற்றித் தருவார்களா, உங்கள் ரவுட்டரே இணைப்பில் உள்நுழையத் தேவையான பி.பி.பி.ஓ.இ. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வி.லேன் எண்ணும் தருவார்களா என்று ரவுட்டர் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மறுத்தால், புதிய ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறையில், அதாவது வைஃபையை மட்டும் தரும் பெட்டியாக, வைக்க வேண்டியிருக்கும். அப்போது நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வி.பி.என். (இணையத்தின் வழியே மறையாக்கிய தனிப்பாதை), தகவல் போக்குவரத்து ஒழுங்குமுறை போன்ற பல வசதிகள் வேலை செய்யாமல் கிடக்கும்.

வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும் வசதிகளுக்கு, அதாவது வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வீட்டிலுள்ள ஒரு கருவிக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங், வீட்டிலேயே இயங்கும் வி.பி.என். சர்வர் ஆகியவற்றுக்கு, இன்னொரு சோதனையும் உண்டு. இப்போதிருக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘வேன்’ முகவரி என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது என்று பொருள். எந்த ரவுட்டர் வாங்கினாலும் ஐ.பி.வி. 4 என்ற பழைய முகவரி முறை வழியாக வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. மாதக் கட்டணத்தில் நிலையான முகவரி கேட்டு வாங்கலாம், அல்லது புதிய முறையான ஐ.பி.வி. 6 முகவரி வருகிறதா என்று பார்த்து அதைப் பயன்படுத்தலாம். ரவுட்டர் ஐ.பி.வி. 6-ஐ முழுமையாக ஆதரிக்க வேண்டும் என்பதை இந்தக் காரணத்துக்காகவே கட்டாய நிபந்தனையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பெட்டியின் மேல் இருக்கும் எண். வைஃபை 6 ரவுட்டர்களில் காணும் ஏ.எக்ஸ். 3000 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402 என்ற இரண்டு உச்ச வேகங்களைக் கூட்டி முழுமையாக்கிய எண். வைஃபை 6 கைப்பேசி ஒரு நேரத்தில் ஏதேனும் ஒன்றில்தான் இணையும். அந்த 2402-உம் 160 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலில், இரண்டு ஆன்டெனா உள்ள கருவிக்கு மட்டுமே உரியது; உங்கள் கைப்பேசி 80 மெகாஹெர்ட்ஸ் வரைதான் ஆதரிக்கிறது என்றால் உச்சம் 1201. இதுவும் காற்றில் பேசிக்கொள்ளும் வேகமே தவிர, கோப்பு இறங்கும் வேகம் அதில் பாதிக்குச் சற்று மேலாக இருந்தால் நல்லது. அப்படிக் குறைந்து வந்தாலும் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு அது தாராளம்.

தலைமுறைகளில் வைஃபை 5-ஐ இன்று புதிதாக வாங்குவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. 2019-இல் சான்றளிப்புத் தொடங்கிய வைஃபை 6 கொண்டுவந்த உண்மையான முன்னேற்றம், வேகத்தைவிட நெரிசலைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. முன்பு ஒரு சேனலில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு கருவிக்கே இடம், ஓ.எஃப்.டி.எம்.ஏ. என்ற முறையில் அதே சேனலைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, பல கருவிகளின் சின்னச் சின்னச் செய்திகளை ஒரே வேளையில் அனுப்ப முடிகிறது. ஒரு சரக்கு வண்டியில் ஒருவருடைய பொட்டலத்தை மட்டும் ஏற்றி அனுப்பாமல், தெருவிலுள்ள எல்லாருடைய பொட்டலங்களையும் ஏற்றி அனுப்புவதைப் போன்றது இது. ஆனால் கைப்பேசியும் வைஃபை 6 ஆக இருந்தால்தான் அது அந்த வண்டியில் ஏறும்.

வைஃபை 7-க்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது. 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலும், ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளில் இணைந்திருக்கும் எம்.எல்.ஓ. வசதியும் அதன் இரு பெரும் சிறப்புகள். இங்கே நம் நாட்டு விதியைப் பார்த்தாக வேண்டும். 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சாத்தியம். அமெரிக்கா 2020-இல் அந்த அலைவரிசையில் 1200 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. இந்தியாவில் 2025 மே மாதம் வெளியான வரைவு விதிகள் 5925 முதல் 6425 வரையிலான 500 மெகாஹெர்ட்ஸை மட்டுமே, அதுவும் குறைந்த சக்தியில், திறந்துவிட முன்வந்தன. அந்த அளவுக்குள் 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்றுதான் அடங்கும். ஆகவே அமெரிக்க மதிப்புரைகளில் காணும் வேகங்களை நம் வீட்டுக்கு அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. வைஃபை 7 என்ற பெயரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கொண்ட மாடல்களும் விற்கப்படுகின்றன. அவற்றில் எம்.எல்.ஓ. இருக்கலாம், 320 இருக்காது. வீட்டில் வைஃபை 7 கைப்பேசியோ மடிக்கணினியோ ஒன்றுகூட இல்லையென்றால், கிகாபிட் போர்ட்டுகள் கொண்ட நல்ல ஏ.எக்ஸ். 3000 ரவுட்டரை வாங்கி, மிச்சமாகும் பணத்தைப் பின்னால் மெஷ் பற்றிய பத்தியில் சொல்லப்போகும் கேபிளுக்குச் செலவிடுங்கள்.

நம் ஊர் வீடுகளில் வைஃபையின் முதல் எதிரி சுவர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கடுமையாக உறிஞ்சிவிடும். 6 கிகாஹெர்ட்ஸ் இன்னும் மோசம். இரும்பு பீரோவும் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியும் அலையைத் திருப்பி அனுப்பும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு ஊடுருவும் என்றாலும், அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றையே பங்குபோடுகின்றன. எட்டு ஆன்டெனா முளைத்த பெரிய ரவுட்டரை வாங்கினால் மாடி அறைக்கும் எட்டும் என்று நம்புவது வீண். ரவுட்டரின் குரல் கைப்பேசிக்குக் கேட்டாலும் கைப்பேசியின் மெல்லிய குரல் ரவுட்டருக்குத் திரும்பக் கேட்க வேண்டுமே. முதலில் ரவுட்டரை வாசலோரத்துத் தொலைக்காட்சி அலமாரிக்குள்ளிருந்து எடுத்து, வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

தீராத வீட்டுக்கு மெஷ், அதாவது வீட்டின் பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையாக இயங்கும் பெட்டிகள், வேண்டும். மெஷ் பெட்டிகள் தமக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதுதான் அதில் விலைக்குரிய கேள்வி. இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள மெஷ்ஷில், மாடியிலுள்ள பெட்டி உங்கள் கைப்பேசியோடு பேசும் அதே அலைவரிசையிலேயே கீழே உள்ள பெட்டியோடும் பேச வேண்டியிருப்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மூன்று அலைவரிசை மாடல்களில் ஒன்றைப் பெட்டிகளின் உரையாடலுக்கென்றே ஒதுக்கலாம், ஆனால் விலை அதிகம். இரண்டையும்விடச் சிறந்தது, மாடிப்படியோரமாக ஒரு கேட் 6 கேபிளை இழுத்து இரு பெட்டிகளையும் இணைத்துவிடுவது. விலை குறைந்த இரண்டு வைஃபை 6 பெட்டிகள் கேபிளால் இணைக்கப்பட்டிருந்தால், கம்பியின்றி நிற்கும் உயர்ரக மெஷ்ஷைவிடச் சீராக இயங்குவதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். புதிதாக வீடு கட்டுகிறவர்கள், தளம் போடும்போதே ஒவ்வொரு மாடிக்கும் ஒரு காலிக் குழாயாவது விட்டுவையுங்கள். கேபிளைப் பிறகு இழுத்துக்கொள்ளலாம். வாங்கும் மாடலில் ஈதர்நெட் பேக்ஹால் வசதி (பெட்டிகளைக் கேபிளால் இணைக்கும் வசதி) இருக்கிறதா என்பதையும், நடமாடும் கைப்பேசியை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தடங்கலின்றிக் கைமாற்றும் 802.11 கே., வி., ஆர். என்ற மூன்று வழிமுறைகளை ஆதரிக்கிறதா என்பதையும் பாருங்கள்.

விளம்பரங்களில் அரிதாகவே பேசப்படுகிற, ஆனால் அன்றாடம் நாம் அனுபவிக்கிற ஒரு தொல்லை உண்டு. ஒருவர் காணொளிக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவரின் கைப்பேசி புகைப்படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கியதும் குரல் அறுந்து அறுந்து கேட்கிறது. இணைப்பின் வேகம் போதாமையால் மட்டும் இப்படி நடப்பதில்லை. மேலே போக வேண்டிய தகவல்கள் நீண்ட வரிசையாகத் தேங்கி, சின்னக் குரல் துணுக்குகளும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கின்றன. எஃப்.க்யூ. கோடெல், கேக் போன்ற வரிசை ஒழுங்குமுறைகள், அதாவது எஸ்.க்யூ.எம். எனப்படுபவை, ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை அமைத்து, எதுவும் நீளமாகத் தேங்காமல் பார்த்துக்கொள்கின்றன. உங்கள் இணைப்பின் வேகத்தில் 90 விழுக்காட்டை எல்லையாகக் கொடுத்துத் தொடங்கி, பிறகு சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும். சில நிறுவனங்களின் ரவுட்டர்களிலும், 2004-இல் தொடங்கிய திறமூல மென்பொருளான ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி.யை ஏற்கும் ரவுட்டர்களிலும் இது கிடைக்கும். இதற்கு ரவுட்டரின் செயலி வலுவாக இருக்க வேண்டும் என்பதால், வேகமான இணைப்பு உள்ளவர்கள் செயலியின் விவரத்தையும் பார்க்க வேண்டும். வி.பி.என்.னுக்கும் இதே கணக்குதான். ஒரே செயலியில் ஓப்பன்வி.பி.என்.னைவிட வயர்கார்டு பெரும்பாலும் பல மடங்கு வேகமாக ஓடும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இரட்டை இணைப்பு வசதி உண்மையிலேயே பயன்படும். ஃபைபர் அறுந்தால் யூ.எஸ்.பி. போர்ட்டில் சொருகிய 4ஜி டாங்கிளுக்கோ இரண்டாவது கேபிளுக்கோ ரவுட்டர் தானாகவே மாறிக்கொள்ளும். எந்தெந்த டாங்கிள் வேலை செய்யும் என்ற பட்டியலைத் தயாரிப்பாளரின் பக்கத்தில் பார்க்காமல் வாங்க வேண்டாம். இதைவிட அடிக்கடி வருவது மின்வெட்டு. ரவுட்டருக்கென விற்கும் சிறிய டி.சி. யூ.பி.எஸ். வாங்கும்போது, அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 12 வோல்ட் 2 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 1 ஆம்பியர் மட்டுமே தரும் யூ.பி.எஸ். போதாது. ஓ.என்.டி.க்கும் சேர்த்து மின்சாரம் தர வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பாதுகாப்பில் மூன்றைப் பாருங்கள். வைஃபை கடவுச்சொல்லையும் தகவலையும் காக்கும் பாதுகாப்பு முறையான டபிள்யூ.பி.ஏ. 3 இருக்க வேண்டும். கடவுச்சொல் இல்லாமல் பொத்தானாலோ எண்ணாலோ கருவிகளை இணைக்கும் டபிள்யூ.பி.எஸ்.ஸை அணைக்க முடிய வேண்டும்; அதன் எட்டு இலக்க எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்து, அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிப்பட்டது. மூன்றாவதும் முதன்மையானதும், எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும் என்பது. இந்தியப் பெட்டிகளில் இதை அரிதாகவே எழுதுகிறார்கள். ஆனால் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடப்பிலிருக்கும் சட்டம், குறைந்தபட்சப் புதுப்பிப்புக் காலத்தைத் தயாரிப்பாளர் வெளியிட வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. அதே மாடல் அங்கும் விற்கப்பட்டால், அந்நிறுவனத்தின் பிரிட்டன் பக்கத்தில் அந்தக் காலத்தைத் தேடிப் பார்க்கலாம். கேமரா, மின்விளக்கு போன்ற கருவிகளை விருந்தினர் நெட்வொர்க்கில் தனியே வைக்கும் வசதியும் இருந்தால் நல்லது.

கடையில் பணம் கொடுக்குமுன், பெட்டியின் அடியிலுள்ள வன்பொருள் பதிப்பு எண்ணைப் படியுங்கள். ஒரே மாடல் பெயரில் பதிப்பு 1-உம் பதிப்பு 2-உம் வெவ்வேறு செயலிகளோடு வருவது வழக்கம். நீங்கள் படித்த மதிப்புரை வேறு பதிப்புக்கு எழுதப்பட்டதாக இருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, முதலில் கேபிள் வழியாக மடிக்கணினியை இணைத்து வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரவுட்டர் இருக்கும் அறையிலும், வழக்கமாக அமர்ந்து வேலை செய்யும் அறையிலும், மாடியிலும் வைஃபையில் அளந்து, கேபிள் அளவோடு ஒப்பிடுங்கள். இதே அளவீட்டை இரவு ஒன்பது மணிக்கு, அக்கம்பக்கத்தில் எல்லாரும் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில், இன்னொரு முறை செய்யுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்கு இரண்டு நாள்களாவது இருக்கும்போதே இவற்றை முடித்து, உங்களுக்கு வேண்டிய அறையில் வேண்டிய வேகம் வரவில்லையென்றால் பெட்டியையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிச் செல்லுங்கள்.