ஓடிக்கொண்டிருக்கும் மளிகைக் கடையைக் கைமாற்றி வாங்குவதற்கு முன்

விற்பவர் "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். அட்வான்ஸ், சரக்கு, தளவாடம், குட்வில் (கடையின் பெயருக்கும் வாடிக்கைக்கும் கேட்கும் தொகை) என்று நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

1. டோக்கன் கொடுக்கும் முன்பே கட்டட உரிமையாளரைப் பாருங்கள். பழைய அட்வான்ஸில் வாடகை பாக்கி கழிந்துபோயிருக்கலாம். மீதி எவ்வளவு என்பதை அவரிடமே கேளுங்கள். ஒப்பந்தம் உங்கள் பெயரில் புதிதாக எழுதப்பட வேண்டும்.

2. வியாபாரத்தைக் கல்லாவில் பார்க்காதீர்கள், கொள்முதல் பில்லில் பாருங்கள். "தினம் 15,000 ஓடும்" என்றால் மாதம் 4.5 லட்சம். விற்பனையில் சராசரி லாபம் 12 சதவீதம் என்று வைத்தால், கொள்முதல் ஏறக்குறைய 3.96 லட்சம் இருக்க வேண்டும். பில்களைக் கூட்டினால் 2.5 லட்சம்தான் தேறுகிறதா? அப்படியானால் உண்மையான விற்பனை தினம் 9,500 அளவுதான். மாத லாபம் சுமார் 34,000. அதில் வாடகை 15,000, கரண்ட் 4,000, ஆள் சம்பளம் 12,000 போனால் உங்களுக்கு மிஞ்சுவது 3,000! பில் இல்லாமல் மண்டியில் எடுத்த அரிசி, பருப்பு இருந்தால் மண்டிக்காரர் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடையில் உட்கார்ந்து பார்ப்பதானால் சம்பள வாரத்தில் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். மாதக் கடைசியிலும் பாருங்கள்.

3. சரக்கை எம்ஆர்பி விலையில் எடுக்காதீர்கள், கொள்முதல் விலையில் எடுங்கள். ரேக்கின் பின்வரிசையில் கைவிட்டு எடுத்து தேதி பாருங்கள். காலாவதி நெருங்கிய மசாலா, பிஸ்கட் பாக்கெட்டுகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். குளிர்பான ஃப்ரிட்ஜ் பல கடைகளில் கம்பெனியுடையது, அதற்குக் காசு கொடுத்துவிடாதீர்கள். வாடிக்கையாளர் கடன் நோட்டையும் விலையில் சேர்க்க வேண்டாம். கடை கைமாறியதும் அந்தக் கடன் வசூலாவது அபூர்வம்.

4. ஜிஎஸ்டி பாக்கியைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017, பிரிவு 85-இன்படி, கைமாறும் நாள்வரை விற்பவர் கட்டாமல் விட்ட வரிக்கு வாங்குபவரும் பொறுப்பு. ரிட்டர்ன் தாக்கல் விவரத்தை ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

5. உணவுப் பாதுகாப்புப் பதிவு, உள்ளாட்சி உரிமம், ஜிஎஸ்டி ஆகியவற்றை உங்கள் பெயரில் எடுங்கள். தராசின் முத்திரை நடப்பில் உள்ளதா என்றும் பாருங்கள்.

6. முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பகுதியை 30 நாள் நிறுத்திவைத்து, அதற்குள் வரும் டிஸ்ட்ரிபியூட்டர் பாக்கியையும் பழைய மின் கட்டணத்தையும் அதில் கழித்துக்கொள்வதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.