ஆறின டயர், சூடான டயர்: மார்கழியில் டிராக்குக்குப் போகும் வேலூர்ப் பசங்களுக்கு

வேலூரை வெயிலூர் என்று சொல்லியே பழகிவிட்டோம். மார்கழி, தை விடியற்காலைகளில் 18 டிகிரி வரை இறங்கும்போது ஸ்வெட்டரைத் தேடுகிறோம். வாசலில் நிற்கும் பைக்கும் அதே குளிரில் கிடக்கிறது என்பது மட்டும் உறைப்பதில்லை. காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை, குடியாத்தம் என்று நம் பக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் பசங்க பைக் ஓட்டப் போவது வருஷா வருஷம் கூடிக்கொண்டு வருகிறது. சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளை, அதே வரிசையில், அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஹெல்மெட், லைசென்ஸ், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் யாரும் மறப்பதில்லை. மறந்தால் போட்டிக்கு முன் நடக்கும் பரிசோதனையான ஸ்க்ரூட்டினியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நாலு மணிக்குக் கிளம்புவது

வேலூரிலிருந்து டிராக்குக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஆர்வத்தில் தூக்கம் வராது. மூன்றரைக்கே எழுந்து கிரீன் சர்க்கிளில் டீயைக் குடித்துவிட்டு இருட்டிலேயே ஹைவேயில் ஏறிவிடுகிறார்கள். வாலாஜா தாண்டி, காவேரிப்பாக்கம் ஏரியை ஒட்டி வரும்போது பனி இறங்கியிருந்தால் முன்னால் போகிற லாரியின் பின் விளக்குகூடத் தெரியாது. ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணிலேயே திரும்பி வந்து அடிக்கும். லோபீம்தான் போட வேண்டும். இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று பார்த்தால், விளக்கு இல்லாமல் நிறுத்தியிருக்கும் லாரிகளும் அதே ஓரத்தில்தான் நிற்கும்.

ஜனவரி முதல் வாரத்தில் சூரியன் உதிப்பதே ஆறரைக்கு மேல். ஆகவே முந்தைய நாள் மதியமே போய்விடுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் தங்க இடம் கிடைக்கும். பைக்கைக் குட்டி யானையில் ஏற்றி அனுப்பினால் இன்னும் நல்லது. கீழே விழுந்து லீவர் உடைந்தால் வீட்டுக்கு எதில் திரும்பி வருவது?

குட்டி யானையில் கட்டும்போது கயிற்றை ஹேண்டில் பார் நுனியில் போடாதீர்கள். வழியிலேயே அது திரும்பிவிடும். முன் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ் கிளாம்பில் துணிப்பட்டையைச் சுற்றி, அதில் ராட்செட் பெல்ட்டை மாட்டி, ஃபோர்க் பாதி அமுங்கும் அளவுக்கு இரண்டு பக்கமும் சமமாக இழுங்கள். சைட் ஸ்டாண்டை மடக்கிவிட வேண்டும். அதன்மேல் பாரம் நின்றால் ஒரு ஸ்பீட் பிரேக்கர் போதும், ஃப்ரேமில் அது வெல்ட் ஆன இடம் விரிசல் விட்டுவிடும்.

வைசரில் ஆவி

வைசரின் உள்பக்கம் ஒட்டி ஆவி படியாமல் தடுக்கும் பின்லாக் தகடு போடுங்கள். முடியாவிட்டால் மூக்கை மூடும் துணி. பாத்திரம் கழுவும் சோப்பை உள்பக்கம் மெல்லியதாகத் தடவித் துடைத்தால் டிராக்கில் ஒரு சுற்று ஓட்டம், அதாவது ஒரு செஷன், தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

வியாழன் ராத்திரி பட்டறை

இது பரபரப்பின் பிள்ளை. மூன்று வாரமாகச் சும்மா நின்ற பைக்குக்கு வெள்ளிக்கிழமை ப்ராக்டிஸுக்கு முந்தைய ராத்திரி புது டயர், புது பிரேக் பேட், புது செயின். எல்லாமே நல்ல பொருள்தான், போடும் நேரம்தான் தப்பு.

புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். அந்தத் தோல் தேய்ந்து போகும்வரை, சுமார் 100 கிலோமீட்டர், சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஓட்ட வேண்டும். குளிர்ந்த காலையில், குளிர்ந்த தாரில், தேயாத புது டயர் என்றால் மூன்று ஆபத்து ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது. புது பேடும் அப்படியே. டிஸ்க்கோடு பழகவே முப்பது நாற்பது நிதானமான பிரேக் வேண்டும். எடுத்த எடுப்பில் முழு பலத்தோடு பிடித்தால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகி, பிறகு எவ்வளவு அழுத்தினாலும் கடிக்காது. பிரேக் ஆயிலுக்கும் ஒரு வார்த்தை: ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியைச் சரியாகப் போடாமல் வைத்த பாட்டில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், அதை ஊற்றாதீர்கள். சீல் உடைக்காத புது பாட்டில்தான் வேண்டும்.

கடைசிப் பத்து நாளில் எதையும் மாற்றுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உடைந்தது மட்டும் விதிவிலக்கு.

சூடான டயரை அளந்து காற்று இறக்குவது

இதைத்தான் நிறையச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் பேடாக்கில், அதாவது டிராக்கை ஒட்டி பைக்குகளை நிறுத்தித் தயார் செய்யும் இடத்தில், இதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. விழுந்து பைக்கைச் சுக்குநூறாக்கிவிட்டு, 'டிராக்கில் மண் இருந்தது' என்று சொல்லும் பையன்களில் பாதிப் பேரின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

வழக்கமாக நடப்பது இது. வெள்ளிக்கிழமை காலை நிழலில் வைத்து, முன் டயரில் 29 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறான். டயரும் வெளிக்காற்றும் 18 டிகிரி. மதியம் ப்ராக்டிஸ், பதினைந்து நிமிஷம். உள்ளே வந்ததும் யாரோ சொல்லி, காற்றழுத்தம் அளக்கும் கேஜை வைத்துப் பார்க்கிறான்: 35. 'ஐயோ, ஏறிடுச்சு' என்று வால்வை அழுத்தி மறுபடி 29க்குக் கொண்டுவருகிறான். அடுத்த செஷனில் பைக் நன்றாகவே போகிறது. டயரில் சூடு இருக்கிறதே. அந்தத் திருப்தியோடு போய்ப் படுக்கிறான். சனிக்கிழமை காலை ஏழரை மணி, மறுபடி 18 டிகிரி. நேற்று பார்த்ததுதானே என்று கேஜை எடுக்காமலேயே ஏறி உட்காருகிறான். அப்போது அந்த டயரில் இருப்பது 23, 24 பிஎஸ்ஐதான். நேர்ச்சாலையை முழு வேகத்தில் முடித்துக்கொண்டு முதல் வளைவான சி1க்குள் திரும்புகிறான்.

எங்கே போனது அந்த ஐந்து பிஎஸ்ஐ? எங்கும் கசியவில்லை. மூடிய டயருக்குள் இருக்கும் காற்று சூடானால் அழுத்தம் ஏறும், ஆறினால் இறங்கும். நம் பைக் டயரில் இருக்கும் அழுத்தத்துக்கு, 10 டிகிரி மாறினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ மாறும். 18 டிகிரியில் 29 இருந்தது, உள்காற்று 60 டிகிரிக்குப் போனால் 35 ஆகத்தான் செய்யும். பழுது எதுவும் இல்லை. அந்த 35ஐ 29 ஆக்கியபோது அவன் வெளியேற்றியது மறுநாள் காலைக்கு வேண்டிய காற்று.

23 பிஎஸ்ஐயில் என்ன ஆகிறது? வளைவில் டயரின் பக்கச்சுவரை விறைப்பாக நிறுத்துவது உள்ளே இருக்கும் அழுத்தம்தான். அழுத்தம் குறைந்தால் பக்கச்சுவர் மடிந்து கொடுக்கும். ஹேண்டிலைத் திருப்பினால் பைக் அரை நொடி தாமதமாகச் சாயும். பிரேக் பிடிக்கும்போது முன் டயர் நசுங்கி வளைகோடே மாறிவிடும். ரப்பரும் இன்னும் குளிர்ந்து விறைப்பாக இருப்பதால், வழுக்கப்போகிறது என்ற முன்னறிவிப்பு கைக்கு வராது. பின் டயர் வழுக்கினால் சில நேரம் காப்பாற்றிவிடலாம். முன் டயர் போனால் நேரே தரையில்தான். லீவர், கிளிப்-ஆன், ஃபுட்பெக், ஃபேரிங், டேங்க் வரை போகும். பல மாதம் சேர்த்த பணம் ஒரு வளைவில் முடிந்துவிடும். மணிக்கட்டோ தோள்பட்டை எலும்போ சேர்ந்துகொண்டால் அந்த வருஷமே போச்சு.

சூட்டில் காற்றை இறக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அனுபவமுள்ளவர்கள் இறக்குவார்கள். அவர்கள் சூட்டுக்கென்று தனி எண் வைத்திருப்பார்கள். நம் பசங்க ஆறின டயருக்கான எண்ணை வைத்துக்கொண்டு சூடான டயரை அளக்கிறார்கள். செயின் கவரிலோ ஸ்விங்ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளது ஆறின டயருக்கான எண். 'டிராக்கில் 28 வை' என்று எவனாவது சொன்னால், முதலில் 'சூட்டிலா, ஆறியா?' என்று கேளுங்கள். அது தெரியாமல் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

செய்ய வேண்டியது இப்படி. சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள், 60 பிஎஸ்ஐ வரை காட்டுவது போதும். பங்க் கேஜுக்கும் பஞ்சர் கடை கேஜுக்கும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ வித்தியாசம் இருப்பது சர்வ சாதாரணம், ஆகவே எப்போதும் ஒரே கேஜ். ஒரு கால் பம்ப்பும் கூடவே இருக்கட்டும், ஏனென்றால் சூட்டில் இறக்கியதைக் காலையில் திரும்ப ஏற்ற வேண்டும். காலை அளவை வண்டியை நகர்த்துவதற்கு முன், நிழலில் எடுக்க வேண்டும். வெயில் பட்ட பக்கத்து டயர் ஒன்று காட்டும், நிழலில் இருந்தது வேறொன்று காட்டும். வேலூரிலிருந்து ஓட்டிக்கொண்டே வந்தவர்கள் இறங்கிய கையோடு அளக்கக்கூடாது. 100 கிலோமீட்டர் ஓடிய டயர் ஆற மூன்று மணி நேரம் கொடுங்கள்.

செஷன் முடிந்து உள்ளே வந்ததும் இரண்டு நிமிஷத்துக்குள் அளந்துவிடுங்கள். கையுறையைக் கழற்றி, தண்ணீர் குடித்து, நண்பர்களிடம் லேப் நேரம் கேட்டுவிட்டு அளந்தால் அது சூட்டு அளவு ஆகாது. ஒரு நோட்டில் எழுதுங்கள்: மணி, வெளி வெப்பம், ஆறின எண், சூட்டு எண், முன், பின். சூட்டு எண் எவ்வளவு இருக்கலாம் என்று டயர் தயாரித்த நிறுவனத்திடமே கேட்கலாம். அரக்கோணத்தில் எம்ஆர்எஃப் ஆலையை வைத்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்கள் நாம், டயரைப் பற்றிக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

ஒரு நுணுக்கம். அதே வெயில், அதே வேகம், ஆனால் அழுத்தம் வழக்கத்தைவிட அதிகமாக ஏறுகிறது என்றால், தொடங்கும்போது காற்று குறைவாக இருந்தது என்று அர்த்தம். குறைந்த காற்றில் டயர் அதிகமாக மடங்கி அதிகமாகச் சூடாகிறது. அங்கே காற்றை இறக்கினால் நிலைமை மோசமாகும், ஒரு பிஎஸ்ஐ சேர்த்துத் தொடங்கிப் பாருங்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக ஏறினால், தொடக்கத்தில் காற்று அதிகம் இருந்திருக்கலாம், அல்லது நீங்கள் இன்னும் அந்த வேகத்துக்கு வரவில்லை.

நைட்ரஜன் அடித்தால் ஏறாது என்பார்கள். ஏறும். அதுவும் இதே கணக்குப்படிதான் நடக்கும். உள்ளே ஈரம் இல்லாததால் ஏற்றம் கொஞ்சம் ஒழுங்காக இருக்கும், அவ்வளவுதான். வால்வ் மூடி ரப்பர் வாஷரோடு, உலோகத்தில் இருக்கட்டும்.

பாம்பு மாதிரி வளைத்து ஓட்டி டயரைச் சூடாக்குவது

காரில் வேலை செய்யும். பைக்கில் செய்யாது. நேர்கோட்டில் உறுதியான பிரேக், உறுதியான ஆக்ஸிலரேஷன், இப்படி இரண்டு முழு லேப். 3.7 கிலோமீட்டரும் 12 வளைவும் உள்ள டிராக் அது, இரண்டு லேப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. எந்தப் பக்கம் வளைவுகள் குறைவோ டயரின் அந்தப் பக்கம் கடைசியாகத்தான் சூடாகும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் அந்தப் பக்கத்து வளைவில் மூன்றாவது லேப்பிலும் அவசரப்படாதீர்கள்.

ஸ்டார்ட் பண்ணியதும் முறுக்குவது

குளிர்ந்த ஆயில் தடிமனாக இருக்கும், எஞ்சினின் உச்சியில் இருக்கும் கேம் வரை போய்ச் சேர நேரம் எடுக்கும். ஐடிலில் ஒரு நிமிஷம், பிறகு மூவாயிரம் ஆர்பிஎம்மைத் தாண்டாமல் இரண்டு மூன்று நிமிஷம்.

சாப்பிடாமல், குடிக்காமல்

குளிரில் தாகம் தெரியாது. வெள்ளி ராத்திரி தூக்கம் இல்லை, காலையில் காபிமேல் காபி, அதோடு லெதர் சூட்டை மாட்டிக்கொண்டு பதினொரு மணி வெயிலில் நின்றால் முன்கை இறுகி, விரல் லீவரை விடவே விடாது. நாலு இட்லி, அரை மணிக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு செஷனுக்கு ஒரு ஓஆர்எஸ். குளிருக்காகத் தடித்த கையுறை போட்டால் பிரேக்கின் உணர்வு விரலுக்கு வராது. ரேஸ் கையுறைக்கு உள்ளே மெல்லிய ரப்பர் கையுறை போடுங்கள்.

ஞாயிறு சாயங்காலம்

களைப்பில் இதை விட்டுவிடுகிறார்கள். போட்டி விதிக்காகக் கூலன்ட்டை எடுத்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியிருப்பீர்கள். கூலன்ட் தாரில் கொட்டினால் பின்னால் வருகிறவன் வழுக்கி விழுவான், அதனால்தான் அந்த விதி. தண்ணீரோடே பைக்கை நிறுத்தி வைத்தால் உள்ளே துரு பிடிக்கும். சித்திரையில் சத்துவாச்சாரி சிக்னலில் நிற்கும்போது கொதித்துவிடும். ஊருக்கு வந்த அதே வாரத்தில் கூலன்ட்டை மாற்றிவிடுங்கள்.

ஓட்டிக்கொண்டே திரும்புகிறவர்கள், டயர் ஆறிய பிறகு ஸ்டிக்கரில் உள்ள எண்ணுக்குக் காற்று ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். பின்னால் ஆள், முதுகில் பை என்றால் பின் டயருக்கு அதே ஸ்டிக்கரில் தனி எண் இருக்கும். டிராக்கில் இறக்கிய காற்றோடு ஹைவேயில் ஒரு பள்ளத்தில் விட்டால் ரிம் வளைந்துவிடும். டிராக்குக்காக ஹெட்லைட்டில் ஒட்டிய டேப்பையும், கழற்றி வைத்த ஃப்யூஸையும், கண்ணாடிகளையும் ஆறு மணிக்கு முன்பே பாருங்கள். சுங்குவார்சத்திரம் வருவதற்குள் இருட்டிவிடும்.