பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு காரின் என்ஜினை ஏற்றும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடி நன்றாக இருக்கும் கார் ஒன்று, என்ஜின் போய் நிற்கிறது. அதே மாடலில் இன்னொன்று பெங்களூரில் மலிவாக வருகிறது. அதில் என்ஜின் நன்றாக ஓடுகிறது, பாடிதான் துரு. "அண்ணா, ஒரு வாரத்துல இறக்கி ஏத்திடலாம்" என்கிறார் மெக்கானிக். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் இந்த ஆசை சுலபமாக வரும். பெங்களூரின் பழைய கார் சந்தை பக்கத்தில் இருக்கிறது, சிப்காட்டை ஒட்டி அருமையான லேத் பட்டறைகளும் இருக்கின்றன. ஆனால் இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே, முடிவெடுக்கும் இடத்தில்தான்.

முதல் தவறு, இருக்கும் என்ஜினைச் சோதிக்காமலே "செத்துவிட்டது" என்று முடிவு கட்டுவது. ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் வந்தால், குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வில், அல்லது என்ஜின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டில் கோளாறு, அதை என்ஜினை இறக்காமலே சரி செய்ய வாய்ப்புண்டு. வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்து நின்ற காரென்றால், அது எந்த என்ஜின் என்பது முக்கியம். மாஸ்டா மியாட்டா என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் பழைய 1.6 லிட்டர் என்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது, புது பெல்ட் போட்டால் பெரும்பாலும் மறுபடி ஓடும். போர்ஷே 944 ஸ்போர்ட்ஸ் காரில் அப்படி இல்லை, வால்வுகள் வளைந்துவிடும்.

அடுத்து பாடி. என்ஜினை மாற்றலாம், பாடியை மாற்ற முடியாது. எந்தக் கார் மிஞ்ச வேண்டும் என்பதைப் பாடியைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். கார்ப்பெட்டைத் தூக்குங்கள், ஜாக்கி வைக்கும் இடத்தைத் தட்டிப் பாருங்கள், முன் சஸ்பென்ஷன் மேலே வந்து பொருந்தும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் பகுதியில் காந்தம் ஒட்டவில்லை என்றால் டிங்கர் பட்டி பூசி மறைத்திருக்கிறார் என்று பொருள். கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் போன்ற ஃபைபர் பாடி கார்களில் காந்தம் உதவாது, அங்கே விரிசலைக் கண்ணால்தான் தேட வேண்டும்.

தரையில் இறக்கி வைத்த என்ஜினை வாங்குவது இன்னொரு பெரிய தவறு. அது காரிலேயே இருந்து ஓடும்போது வாங்கினால்தான் உண்மை தெரியும். காலையில் குளிர்ந்த என்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை ஓட்டிப் பாருங்கள். சுமார் 50 கிலோமீட்டரில் சாலை ஏறக்குறைய 400 மீட்டர் மேலே ஏறுகிறது, கூலிங்கில் குறை இருந்தால் டெம்பரேச்சர் முள் காட்டிக் கொடுத்துவிடும். தருமபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாய் இருக்கிறது. சேலம் பக்கத்திலிருந்து மேலே ஏறும்போது மட்டும் பாருங்கள். இறங்கும் பக்கம் லாரி விபத்துகள் நடக்கிற இடம், அங்கே பழைய காரைச் சோதிக்க வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டுக் கொஞ்ச தூரம் ஓடவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை வந்தால் வால்வு சீல் அல்லது கைடு தேய்ந்திருக்கிறது. என்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப்புகை வந்தால் கூலன்ட் உள்ளே எரிகிறது.

அதிகம் பேர் சறுக்குவது இனிமேல்தான். என்ஜின் விலையையே மொத்தச் செலவாகக் கணக்குப் போடுவார்கள். 1980-களில் போர்ஷே நிறுவனமே இப்படி ஒரு மாற்றத்தைச் செய்தது. 125 குதிரைத்திறன் கொண்ட 924-இன் பாடியில் 944-இன் 2.5 லிட்டர் என்ஜினைக் கொஞ்சம் அடக்கி, 150 குதிரைத்திறனோடு வைத்து 924 எஸ் என்று விற்றது. என்ஜினை மட்டும் வைக்கவில்லை, 944-இன் பிரேக்கையும் சேர்த்தே கொண்டுவந்தது. வீல்கூட நான்கு போல்ட்டிலிருந்து ஐந்து போல்ட்டுக்கு மாறியது. தயாரித்த நிறுவனமே 25 குதிரைத்திறனுக்கு இவ்வளவு மாற்றியிருக்கும்போது, நாம் பழைய பிரேக்கிலேயே ஓட்டலாம் என்று நினைப்பது ஆபத்து. மியாட்டாவிலும் அதே கதை. என்ஜினின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் 1.6 காரில் சிறியது, 1.8 என்ஜினை ஏற்றிக் கடுமையாக ஓட்டினால் தாங்காது. 1.8 காரின் டிஃபரன்ஷியலையும் எடுத்துக்கொள்வதுதான் சரி.

நம்மூரில் அடிக்கடி பேசப்படுவது பழைய ஹோண்டா சிட்டி 1.3 லிட்டர் காரில் 1.5 லிட்டர் விடெக் என்ஜினை ஏற்றுவது. பாடி ஒன்றே என்பதால் சுலபம் என்று தோன்றும். ஆனால் விடெக்கில் வால்வு திறக்கும் உயரத்தை (லிஃப்ட்) மாற்றுவது ஆயில் அழுத்தம், அந்த ஆயிலைத் திறந்துவிடுவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு. 1.3-இன் ஈ.சி.யு.வுக்கு அந்த வேலையே தெரியாது. ஆகவே ஈ.சி.யு., வயரிங், சென்சார் எல்லாம் அதே காரிலிருந்து வர வேண்டும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) உள்ள கார் என்றால் சாவியும்தான். வயரை வெட்டி இறக்க விடாதீர்கள், வயர் இணையும் கப்ளரோடு கழற்றச் சொல்லுங்கள்.

வேறு கம்பெனி கியர்பாக்ஸை, நடுவே அடாப்டர் பிளேட் என்ற இணைப்புத் தகடு செய்து பொருத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். ஓசூர் பட்டறைகள் பிளேட்டை அழகாக வெட்டித் தரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் என்ஜினில் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸின் மையமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தீர்களா? பொதுவாக ஏற்கப்படும் ரன் அவுட், அதாவது மைய விலகல், சுமார் 0.13 மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டினால் கிளட்ச் மிதித்தாலும் முழுதாக விடாது, பேரிங் சத்தம் போடும், கியர் தானாக வெளியே வரும். பின்சக்கர டிரைவ் என்றால், கியர்பாக்ஸிலிருந்து பின்னால் டிஃபரன்ஷியலுக்குப் போகும் பிரொப்பல்லர் ஷாஃப்டின் கோணமும் முக்கியம். கியர்பாக்ஸ் முனையும் டிஃபரன்ஷியல் முனையும் இணையாக இல்லாவிட்டால், எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் அதிர்வு போகாது.

பேப்பரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து மாறும்படி காரை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆகவே என்ஜினை வாங்கும் முன்பே கிருஷ்ணகிரி, ஓசூர் அல்லது தருமபுரி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அதே கம்பெனி, அதே வகை என்ஜினுக்கு அனுமதி கேட்பது ஒன்று, சி.சி. மாறும் என்ஜினுக்குக் கேட்பது வேறு. 15 வருடம் முடிந்த காருக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், என்ஜின் நம்பர் பொருந்தாவிட்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லியாக வேண்டும். ஆர்.சி. இல்லாத கர்நாடகா வண்டியின் என்ஜினை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

வேலை முடிந்ததும், என்ஜின் எடுத்த பிறகு மிச்சமிருக்கும் காரை உடனே காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். பிராக்கெட், ஹோஸ், ஒரு ரிலே, ஒரு கேபிள் என்று முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஏதாவது ஒன்று தேவைப்படும். பழைய மாடலுக்கு அவை கடையில் கிடைக்காது. இடம் இருக்கும்வரை வைத்திருந்து, தேவையானதையெல்லாம் கழற்றிய பிறகு, அதன் ஆர்.சி.யை ஆர்.டி.ஓ.விடம் ரத்து செய்துவிட்டு அனுப்புங்கள்.