பல்லுக் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள்: கைக்குழந்தையின் காய்ச்சலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் ஆறேழு மாதக் குழந்தைக்கு உடம்பு சுட்டால், வீட்டிலுள்ள அம்மம்மாவோ பெரியம்மாவோ முதலில் செய்வது முரசைத் தடவிப் பார்ப்பதுதான். முரசு சற்று வீங்கி வாய்நீரும் வடிந்துகொண்டிருந்தால், "இது பல்லுக் காய்ச்சல், இரண்டு நாளிலை விட்டுவிடும்" என்ற முடிவு அங்கேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. பதறிப்போயிருக்கும் இளந்தாயைத் தேற்றுவதற்காக அன்போடு சொல்லப்படும் வார்த்தை அது. ஆனால் அந்த வார்த்தையோடு காய்ச்சலின் உண்மையான காரணத்தைத் தேடும் முயற்சியும் நின்றுவிடுகிறது என்பதே என் கவலை.

பல் முளைப்பதால் குழந்தைக்கு எதுவுமே ஏற்படுவதில்லை என்று எவரும் சொல்லவில்லை. முரசு சிவந்து தடிக்கும், வாய்நீர் கூடும், கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கத் தோன்றும், சில இரவுகள் நித்திரை குழம்பும், சிணுங்கல் அதிகரிக்கும். உடல் வெப்பமும் மிகச் சிறிதளவு உயரலாம். ஆனால் அது காய்ச்சல் என்று சொல்லக்கூடிய அளவை எட்டுவதில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 125 குழந்தைகளின் பெற்றோர் நாள்தோறும் இரண்டு தடவை வெப்பநிலையை அளந்து, அறிகுறிகளையும் குறித்து வைத்தனர். பல் வெளிவரும் நாட்களோடு உயர்ந்த காய்ச்சலுக்குத் தொடர்பு காணப்படவில்லை. 2011இல் வெளியான பிரேசில் ஆய்வில் 47 குழந்தைகள் எட்டு மாதங்கள் தொடர்ச்சியாகப் பரிசோதிக்கப்பட்டபோதும், பல் வெளிவந்த நாளில் வெப்பம் சற்றே உயர்ந்ததேயன்றிக் காய்ச்சல் ஏற்படவில்லை. முன்னர் நடந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2016இல் வெளியிடப்பட்ட பகுப்பாய்வும் இதே முடிவுக்குத்தான் வந்தது.

அப்படியானால் இத்தனை தாய்மார் தம் கண்ணால் கண்டது பொய்யா என்ற கேள்வி நியாயமானது. அவர்கள் கண்டது உண்மை. பல்லும் காய்ச்சலும் ஒரே காலத்தில் வருவது உண்மையே. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் தொடங்கி இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபது பாற்பற்கள் முளைக்கின்றன. ஆகவே அந்த இரண்டரை ஆண்டுகளில் எந்தக் கிழமையில் காய்ச்சல் வந்தாலும், முரசுக்குள் ஒரு பல் வெளிவரக் காத்துக்கொண்டுதான் இருக்கும். கருவிலிருக்கும்போது தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்புப் பொருள்கள் குறைந்துபோவதும் அந்தக் காலத்தில்தான். குழந்தை தவழத் தொடங்கி, நிலத்தில் கிடப்பதை வாயில் வைப்பதும், தாய்ப்பாலோடு வேறு உணவு ஊட்டத் தொடங்குவதும் அப்போதுதான். கிருமிகள் உட்புக இத்தனை வழிகள் ஒன்றாகத் திறக்கும் வேளையில் பல்லும் முளைக்கிறது. கண்ணுக்குத் தெரிவது பல் என்பதால் பழியும் அதன் மேல் விழுகிறது.

இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இறப்புப் பதிவுகளில் பல் முளைத்தல் ஒரு மரணக் காரணமாகவே எழுதப்பட்டது. அதற்கு மருந்தென்று விற்கப்பட்ட பொடிகளில் பாதரச உப்பு இருந்தது. அதனால் குழந்தைகளின் கைகால்கள் சிவந்து நோகும் கொடிய நோய் உண்டானது, 1950களில் அந்த உப்பு நீக்கப்பட்ட பிறகே மறைந்துபோயிற்று. பல்லைக் குற்றவாளியாக்கியதால் உண்மையான நோயும் கவனிக்கப்படவில்லை, மருந்தே நஞ்சாகவும் ஆனது.

அளந்து பார்க்காமல் முடிவெடுப்பது

புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது ஒரு சந்தேகத்தை எழுப்பப் போதுமானது, முடிவெடுக்கப் போதாது. பாமசிகளில் கிடைக்கும் சாதாரண டிஜிற்றல் வெப்பமானி ஒன்று குழந்தையுள்ள ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். அதைக் குழந்தையின் கமக்கட்டில் வியர்வையைத் துடைத்தபின் வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, ஒலி எழும் வரை காத்திருக்க வேண்டும். 38 பாகை செல்சியசும் அதற்கு மேலும், அதாவது பரனைற்றில் 100.4 பாகையிலிருந்து, காய்ச்சல் என்று கொள்ளப்படும். அளந்த நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வைப்பது, மறுநாள் வைத்தியரிடம் சொல்லும்போது மிகவும் உதவும்.

சித்திரை, வைகாசி வெக்கையிலும் தொப்பி, காலுறை, துவாய் என்று குழந்தையைச் சுற்றி வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அப்படிச் சுற்றிய குழந்தையின் உடம்பு வெளிவெப்பத்தாலேயே சுடும். ஆகவே மேலதிக உடுப்புகளைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் பதினைந்து இருபது நிமிடம் வைத்திருந்து மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் 38 இருந்தால் அது வெக்கையால் வந்ததன்று.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையையும் அவ்வாறே கருதுவது

எல்லாத் தவறுகளிலும் இதையே நான் மிகவும் அஞ்சுகிறேன். இரண்டு, மூன்று மாதமாகும்போது உமிழ்நீர்ச் சுரப்பிகள் நன்கு இயங்கத் தொடங்குவதால் வாய்நீர் வடிவது இயல்பு; அதைப் பார்த்து "பல்லு நேரத்துக்கே வரப்போகுது" என்று சொல்பவர்கள் உண்டு. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் இருந்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், பால் நன்றாகக் குடித்தாலும், அன்றே, இரவானாலும், வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த வயதில் குருதியில் பரவும் தொற்றும் மூளைக்காய்ச்சலும் வெளியே அதிகம் காட்டிக்கொள்ளாமலேயே முற்றிவிடக்கூடும். வீட்டில் பரசிற்றமோல் கொடுத்துக் காய்ச்சலைத் தணித்துப் பார்ப்பதும் இங்கே கூடாது. உடம்பு வழமைக்கு மாறாகக் குளிர்ந்து, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் அதுவும் காய்ச்சலுக்குச் சமமான அபாயக்குறியே.

தடிமன், இருமல் இல்லை. ஆகவே பல்தான் என்று எண்ணுவது

காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் காரணம் இல்லாத காய்ச்சல் என்று பொருளல்ல. தடிமனோ இருமலோ வயிற்றோட்டமோ இன்றி வரும் காய்ச்சலில் வைத்தியர்கள் முதலில் நினைப்பவற்றுள் சிறுநீர்த் தொற்று முக்கியமானது. பெரியவர்களைப்போல் எரிகிறது, நோகிறது என்று குழந்தையால் சொல்ல இயலாது. காய்ச்சல், சிணுங்கல், பால் குறைவாகக் குடித்தல், சில வேளை சத்தி ஆகியவை மட்டுமே தெரியும். இவை அத்தனையும் பல் முளைப்பின் அறிகுறிகளென்று நாம் சொல்லிக்கொள்பவை என்பதைக் கவனியுங்கள். சிகிச்சையின்றி விடப்படும் தொற்று சிறுநீரகத்தில் நிலையான தழும்பை உண்டாக்கலாம். உரிய முறையில் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையே இதைக் காட்டித்தரும். வைத்தியசாலையில் சிறுநீர் கேட்டால், "பல்லுக் காய்ச்சலுக்கு ஏன் இதெல்லாம்" என்று சலித்துக்கொள்ளாமல் ஒத்துழைக்க வேண்டும்.

ஐப்பசியில் மழை தொடங்கித் தை வரைக்கும் குடாநாட்டில் டெங்கு பெருகும் காலம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரையான குழந்தைகளுக்கு இந்நோய் கடுமையாவதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு: முன்னர் டெங்கு கண்ட தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்கள், குறைந்துபோன நிலையில், காப்பதற்குப் பதிலாக நோயைத் தீவிரப்படுத்தக்கூடும். முதற்பல் வரும் வயதும் அதுவே. காய்ச்சல் விட்டதும் நோய் தீர்ந்தது என்று நிம்மதியடைவது டெங்கில் பெரும் பிழை. காய்ச்சல் தணியும் நேரத்தில்தான் குருதிக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து ஆபத்து தொடங்குகிறது. கைகால் குளிர்தல், தொடர்ந்து சத்தி எடுத்தல், சிறுநீர் குறைதல், தூங்கி வழிதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் உடனே புறப்பட வேண்டும். குழந்தைகளில் முழுக் குருதிப் பரிசோதனையை எப்போது செய்வது என்பதை வைத்தியரே தீர்மானிக்கட்டும். நோயின் முதல் நாளிலேயே அவரிடம் காட்டினால்தான் அவரால் அதைத் தீர்மானிக்க இயலும்.

மூன்று, நான்கு நாள் கடுமையாகக் காய்ந்து, காய்ச்சல் விட்டவுடன் உடம்பில் இளஞ்சிவப்புப் பருக்கள் போடும் வைரசு நோய் ஒன்று ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் மிகச் சாதாரணம். பெரும்பாலும் தானாகவே மாறிவிடும் இந்நோய்தான் "பல்லுக் காய்ச்சல்" என்ற பெயரைப் பல வீடுகளில் பெற்றுக்கொள்கிறது என்பது என் எண்ணம். தடுப்பூசியும் இன்னொரு காரணம். இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் போடும் ஐங்கூட்டு ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். ஒன்பதாம் மாதத்தில் போடும் சின்னமுத்து அடங்கிய ஊசிக்குக் காய்ச்சல் வருவதானால் ஒரு கிழமை கழித்தே வரும், அப்போது ஊசி போட்டதே மறந்துபோயிருக்கும். ஐந்து நாளைக் கடந்தும் நீடிக்கும் காய்ச்சல் எதுவாயினும் அதை முழுமையாக ஆராய வேண்டும். நெருப்புக்காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் குடாநாட்டுக்குப் புதியவை அல்ல.

மருந்தில் நடக்கும் பிழைகள்

பரசிற்றமோலை வயதைக் கொண்டு கொடுக்காமல் நிறையைக் கொண்டு கொடுக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஒரு தடவைக்கான அளவு. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளொன்றுக்கு நான்கு தடவைக்கு மேற்படாமல். எட்டுக் கிலோக் குழந்தைக்கு 120 மில்லிகிராம் ஆகும்; 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் அது 5 மில்லிலீற்றர். ஆனால் அதே 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் உள்ள போத்தலும் கடையில் இருக்கிறது. மூத்த பிள்ளைக்கு வாங்கியதை எடுத்து இளையதுக்குப் பருக்கினால் அளவு இரட்டிப்பாகிவிடும். போத்தலில் எழுதியிருப்பதை ஒவ்வொரு தடவையும் வாசியுங்கள். சமையலறைக் கரண்டியை விட்டுவிட்டு மருந்தோடு தரும் அளவியைப் பயன்படுத்துங்கள். மலவாயில் வைக்கும் குளிகையிலும் இருப்பது பரசிற்றமோல்தான்; அதை வைத்தபின் பாணியும் பருக்குவது இரண்டு தடவை கொடுத்ததாகும், அளவு மிஞ்சினால் ஈரல் பாதிக்கப்படும். அஸ்பிரின் அடங்கிய எதையும் குழந்தைக்குக் கொடுக்கலாகாது. டெங்குக் காலத்தில் இபுபுறோபன், டைக்ளோபினக் போன்றவற்றை வைத்தியர் எழுதித்தராமல் தொடவே கூடாது, ஏனெனில் அவை குருதிப்பெருக்கைத் தூண்டும்.

முன்பு கரைத்து மிஞ்சிய அன்ரிபயோற்றிக் மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு வேளை கொடுத்துப் பார்ப்பது, கெடுதலோடு குழப்பத்தையும் சேர்க்கிறது. கரைத்த மருந்து சில நாட்களில் வலுவிழக்கும். அரைகுறையாகக் கொடுத்ததால் சிறுநீரிலோ குருதியிலோ கிருமி வளராமல் போக, வைத்தியருக்கு நோயின் தடமே அழிந்துவிடும். ஓடிக்கொலோனில் துணியை நனைத்து நெற்றியில் போடுவதையும் நிறுத்த வேண்டும். அதிலுள்ள அற்ககோல் குழந்தையின் தோலாலும் மூச்சாலும் உள்ளே போகும். ஐஸ் தண்ணீரால் துடைப்பதும் நடுக்கத்தை உண்டாக்கி வெப்பத்தைக் கூட்டும். மெல்லிய பருத்தி உடுப்பும், அடிக்கடி தாய்ப்பாலும் போதுமானவை.

முரசில் தேன் தடவும் பழக்கம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். தேனில் குழைத்துக் கொடுக்கும் சரக்கு மருந்துகளுக்கும் இது பொருந்தும். மரக்கச் செய்யும் பென்சோகேயின் அடங்கிய முரசுக் களிம்புகள் குருதியின் ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு வேண்டாமென 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. நன்கு கழுவிய விரலால் முரசை மெல்ல அழுத்திவிடுவதும், நனைத்துக் குளிர்வித்த சுத்தமான துணியைக் கடிக்கக் கொடுப்பதும் அந்த உளைச்சலுக்குப் போதும்.

வயிற்றாலை போவதையும் பல்லின் கணக்கில் எழுதுவது இன்னொரு பிழை. கிணற்று நீரைக் கொதிக்க வைக்காமல் பாவித்ததோ, போத்தல் சூப்பி சரியாகக் கழுவப்படாததோ காரணமாக இருக்கலாம். ஜீவனி கரைத்துக் கொடுத்துத் தாய்ப்பாலைத் தொடருங்கள். அழும்போது கண்ணீர் வராவிட்டால், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால், சிறுநீர் குறைந்தால் தாமதிக்க வேண்டாம்.

புறப்படத் தயங்குவது

திருநீறு போடுவதையோ நூல் கட்டுவதையோ நான் குறைசொல்ல வரவில்லை. அவை தாயின் மனதுக்கு ஆறுதல். ஆனால் அதற்காக ஒரு இரவைக் கழித்துவிட்டு "விடியட்டும்" என்று இருப்பதுதான் தவறு. மூன்று முதல் ஆறு மாதம் வரையான குழந்தைக்கு 39 பாகையானாலும், எந்த வயதிலும் மூச்சு வாங்கினாலும், எழுப்ப எழுப்பச் சோர்ந்து விழுந்தாலும், அழுத்தியும் மறையாத செந்நிறப் புள்ளிகள் தோன்றினாலும், தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் அருகிலுள்ளதற்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ போக வேண்டும். வாகனமில்லையேல் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். நெடுந்தீவு போன்ற கடல் கடக்க வேண்டிய இடங்களில் இருப்போர் கடைசிப் படகு போகுமுன் பகலிலேயே காட்டிவிடுவது நல்லது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்காமல், கையில் இரும்பைத் திணிக்காமல், நேரத்தைப் பார்த்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.

காய்ச்சலோடு இருக்கும் குழந்தைக்குப் பல்லுக் கொழுக்கட்டை கொட்டும் நாளைப் பிற்போடுவதில் யாரும் மனம் கோணத் தேவையில்லை. இருமலும் தடிமனுமாக வரும் உறவினர்களின் கைகளில் அந்தப் பிள்ளை மாறி மாறிப் போவதைத் தவிர்த்ததாகவும் ஆகும்.

வைத்தியரிடம் போகும்போது குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டையும், வெப்பநிலை எழுதிய தாளையும், கொடுத்த மருந்துப் போத்தல்களையும் கொண்டுசெல்லுங்கள். காய்ச்சல் எப்போது தொடங்கியது, எத்தனை தடவை சிறுநீர் போனது, என்ன ஊசி எப்போது போடப்பட்டது, வீட்டிலோ அயலிலோ யாருக்கேனும் டெங்கு இருக்கிறதா, அண்மையில் யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தார்களா என்பவற்றை முதலில் சொல்லுங்கள். பல் முளைப்பதை அவர் வாயைத் திறந்து பார்க்கும்போது தானே கண்டுகொள்வார்.