ஆம்ப் ஏன் அடிக்கடி அணைந்தது?

என் கார் டிக்கியில் இரண்டு சப்வூஃபர்கள், அதாவது பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றிலும் 4 ஓம் மின்தடை உள்ள காயில் (கம்பிச்சுருள்) இரண்டு. ஒலியைக் கொஞ்சம் கூட்டினாலே ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரியும், பாட்டு நின்றுவிடும். எர்த் சரியாகப் படவில்லையோ என்று எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தேன், பலன் இல்லை.

அப்புறம் ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்பிலிருந்து கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். 1 ஓமுக்கும் கீழே காட்டியது! நான்கு காயில்களையும் பேரலலில், அதாவது பிளஸ்களை ஒன்றாகவும் மைனஸ்களை ஒன்றாகவும் சேர்த்திருந்தார்கள். என் ஆம்புக்கோ பிரிட்ஜ் இணைப்பில் (இரண்டு சேனல்களை ஒன்றாக்கும் முறை) 4 ஓமுக்குக் குறையவே கூடாது; குறைந்தால் கரண்ட் கூடி, ஆம்ப் தன்னைக் காக்க அணைந்துவிடும்.

கார் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு ஒயரிங்கை மாற்றினேன். ஒரே சப்வூஃபரில் முதல் காயிலின் மைனஸை அடுத்ததன் பிளஸோடு சேர்த்தால் சீரிஸ், அதாவது 8 ஓம். அப்படி இரண்டு 8 ஓமைப் பேரலலில் இணைத்தால் 4 ஓம். மீட்டர் 3.6 காட்டியது. அது சரிதான், மீட்டரில் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

ஆம்பில் மாட்டும் முன், 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை ஒயரில் ஒரு நொடி தொட்டேன். இரண்டு கூம்புகளும் சேர்ந்தே வெளியே தள்ளின. ஒன்று மட்டும் உள்ளே போனால் இரண்டின் பேஸ் ஒலியும் ஒன்றையொன்று குறைத்துவிடும், இதைத் தவறாமல் பாருங்கள்.

அன்றிலிருந்து சிவப்பு விளக்கு எரியவில்லை.