கொலைக் கதைத் தொகுப்பை நாவல் மாதிரி படிக்காதீர்கள்

இருபது கொலைக் கதைகள் இருந்த ஒரு தொகுப்பை ஒருமுறை இரண்டே நாளில் படித்து முடித்தேன். மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தால் எதில் விஷம், எதில் கத்தி, யார் யாரைக் கொன்றார்கள் என்று ஒன்றும் தனித்தனியாக நிற்கவில்லை, எல்லாம் கலங்கிப்போய்க் கிடந்தது. கதைகள் நல்ல கதைகள்தான். படித்த விதம்தான் தப்பு.

ஒரே மூச்சில் படிப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு, பலரும் செய்வதும் அதைத்தான். நவீன துப்பறியும் கதைக்கு ஆரம்பம் என்று பொதுவாகச் சொல்லப்படும் எட்கர் ஆலன் போவின் 'ரூ மார்க் கொலைகள்' 1841இல் கிரஹாம்ஸ் மேகசினில் வந்தது. அதே பத்திரிகையில் அடுத்த வருஷமே அவர், சிறுகதை ஒரே அமர்வில், அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் படித்துவிடக்கூடியதாக இருக்க வேண்டும் என்று எழுதினார். ஒரு அமர்வுக்கு ஒரு கதை, அதுதான் கணக்கு. ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகளும் ஜூலை 1891 முதல் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் மாதம் ஒன்றாக வந்தவைதான், முதல் பன்னிரண்டும் புத்தகமானது 1892இல். அன்றைக்குப் படித்தவர்களுக்கு ஒரு முடிவை அசைபோட ஒரு மாதம் கிடைத்தது, நாமோ பக்கத்தைத் திருப்பி அடுத்த பிணத்துக்குப் போய்விடுகிறோம். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலே போதும்.

முன்னுரையை முதலில் படிக்காதீர்கள். தொகுப்பாசிரியர் ஆசையாகத்தான் எழுதியிருப்பார், ஆனால் ஒரு கதை ஏன் சிறந்தது என்று விளக்கப்போய் அதன் முடிவையே போகிற போக்கில் சொல்லிவிடுவது உண்டு. கடைசியில் படித்தால் அதே முன்னுரை இன்னும் நன்றாக இருக்கும்.

அப்புறம், கொலையாளியைக் கண்டுபிடிப்பதையே போட்டியாக வைத்துக்கொள்வது. சிறுகதையில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், சந்தேகமே வராத ஆளைக் கைகாட்டினால் பாதி நேரம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் அதில் ரசிக்க ஒன்றும் இல்லை. ஒரு கதை இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "பூட்டைத் திறந்து உள்ளே வந்தவள், சொட்டச் சொட்ட நனைந்திருந்த குடையை, ஏற்கெனவே ஈரமாக இருந்த மூலையில் சாய்த்து வைத்தாள்." ஆட்களை மட்டும் தேடுகிற கண் இதைத் தாண்டிப் போய்விடும், இந்த வரியில் அவளைத் தவிர வேறு ஆளே இல்லையே. ஆனால் 'ஏற்கெனவே ஈரமாக இருந்த' என்ற மூன்று சொல்லுக்குள் இன்னொருவர் மழையில் நனைந்து அவளுக்கு முன்பே வீட்டுக்குள் வந்திருக்கிறார். நல்ல எழுத்தாளர்கள் துப்பை இப்படித்தான் வைப்பார்கள், தனி வாக்கியமாக எடுத்து நீட்டாமல், வேறு எதையோ சொல்லும் வாக்கியத்தின் நடுவில் ஒரு அடைமொழியாக. அதனால் முடித்த கையோடு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் படியுங்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. கதை எப்படிக் கட்டப்பட்டது என்பது அப்போதுதான் தெரியும், எனக்கு முடிவைவிட அந்த இரண்டாம் வாசிப்புதான் அதிகம் பிடிக்கும்.

கதை எழுதப்பட்ட வருஷத்தைப் பார்க்காமல் விடுவதும் தவறுதான். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு வந்தது 1901இல், கொலை வழக்கு ஒன்றில் டிஎன்ஏ முதன்முதலாகப் பயன்பட்டது 1986இல். அதற்கு முந்தைய கதையைப் படித்துவிட்டு "இதைக்கூடச் சோதிக்கவில்லையா" என்று கேட்பது நியாயமில்லை. வாசகருக்கும் எல்லாத் துப்பையும் காட்டிவிட வேண்டும் என்பது போன்ற விதிகளை ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் பட்டியலாக எழுதியதே 1929இல்தான். ஆரம்பகால ஹோம்ஸ் கதைகள் சிலவற்றில் முக்கியமான தடயம் ஹோம்ஸ் சொல்லும்வரை நமக்குத் தெரியாது, அது ஏமாற்று வேலை இல்லை, அந்தக் கதைகள் அவர் யோசிக்கிற அழகைப் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை.

எல்லாக் கதையும் 'யார் செய்தது' வகையும் இல்லை. போவின் 'டெல்-டேல் ஹார்ட்' (1843) கதையில் கொன்றவனேதான் பேசுகிறான், அங்கே கவனிக்க வேண்டியது அவன் குரலை. ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவாவின் 'யாபு நோ நாகா' (1922) ஒரு சாவைப் பற்றி ஏழு பேர் சொல்வதை அடுக்கி வைக்கிறது, செத்தவனின் ஆவி உட்பட, ஒன்றோடு ஒன்று ஒட்டாது. இதில் விடை கிடைக்கவில்லை என்று புத்தகத்தை மூடி வைப்பவர்கள் தொகுப்பின் நல்ல கதைகளைத்தான் இழக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, இது எனக்கு ரொம்ப முக்கியம். வரிசையாகக் கொலைகளைப் படிக்கும்போது செத்தவர் வெறும் காரணப்பொருள் ஆகிவிடுகிறார், கொன்றவரின் சாமர்த்தியம் மட்டும் மனசில் நிற்கிறது. அதற்காக நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கதையையும் முடித்ததும் பொருளடக்கத்தில் அதன் தலைப்புக்குப் பக்கத்தில் பென்சிலால் செத்தவரின் பெயரை எழுதுவேன். திரும்பிப் பார்க்காமல் பெயர் ஞாபகம் வரவில்லை என்றால், மறுநாள் புதுக் கதைக்குப் போகமாட்டேன், அதையே இன்னொரு தடவை படிப்பேன்.