பொருள் மாறியதா, தோற்றம் மாறியதா?

"பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம்." என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் பலரும் இந்த ஒரு வரியைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். அதை ஓரமாக வையுங்கள். கிழித்த காகிதம் பழையபடி ஆகாது. ஆனாலும் அது காகிதம்தான். கேட்க வேண்டியது ஒன்றே: புதிய பொருள் உண்டானதா?

கன்னியாகுமரி மாவட்டத்துப் புத்தளம், சாமிதோப்பு பக்கம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. பாத்தியில் தேங்கிய நீர் ஆவியாகிப் போனதும் வெள்ளைப் படிகம் விளைகிறது. கண்ணுக்குத்தான் புதிது, உப்பு முன்பே இருந்தது. எனவே இயற்பியல் மாற்றம்.

இப்போது சிப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சூளையில் ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸில் சுட்டால், 100 கிராம் கால்சியம் கார்பனேட்டில் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறி, 56 கிராம் கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். தண்ணீர் விட்டால் அது கொதித்து நீறும், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகும். (பிள்ளைகள் இதைச் செய்யவே கூடாது, கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.) நீறிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகிவிடும். புறப்பட்ட இடத்துக்கே வந்தாயிற்று. ஆனால் மூன்று படிகளும் வேதியியல் மாற்றங்கள். மனப்பாட வரி இங்கேதான் காலை வாருகிறது.

கடைசிப் படியை வீட்டிலேயே, பெரியவர் ஒருவர் உடனிருக்கப் பார்க்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பில் சிறிது எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்கி, இரவு முழுதும் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வேறு தம்ளரில் இறுத்து, உறிஞ்சுகுழல் வழியே மெதுவாக ஊதுங்கள், உறிஞ்சிவிடக் கூடாது. கண்ணாடிபோல் இருந்த நீர் பால்போல் கலங்கும். அந்த வெண்மைதான் உங்கள் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து புதிதாகப் பிறந்த கால்சியம் கார்பனேட்.

குமிழியைக் கண்டவுடன் வேதியியல் என்று எழுதிவிடாதீர்கள். கொதிக்கும் நீரில் எழும் குமிழிக்குள் இருப்பது நீராவி, அதாவது அதே நீர். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கும் பனஞ்சாறு நுரைப்பது வேறு கதை: ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு அது.

அக்கானியை, அதாவது பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவதில் இரண்டும் உண்டு. நீர் வற்றுவது இயற்பியல். நிறம் கறுத்து மணம் ஏறுவது வேதியியல். தேர்வில் வந்தால் இரண்டையும் பிரித்தே எழுதுங்கள்.